சம்மந்தி வீட்டுக் குறட்டை

மகனே,

நேற்று லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஃபோனில் உன் குரல் செய்தி. “உம்மா, சாய்ந்தமருது வீட்டுல நடந்தது உண்மையா? அந்தப் பொடியன் தூள் பாவிக்கிறவனா? கலியாணத்த நிப்பாட்டுறதெண்டா இப்பவே நிப்பாட்டுவம்” என்றாய். கட்டாருக்குப் போன நாளிலிருந்து நீ ஸலாம் சொல்லாமல் எனக்கு அனுப்பிய முதல் செய்தி அது. ஆகவே நான் ஸலாம் சொல்லியே தொடங்குகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும், மகன். ஓம், உண்மைதான். உனக்குப் பேசியிருக்கிற ஷிபானாவின் தம்பி தூள், அதுதான் ஹெரோயின், பாவித்தவன்தான். அவர்கள் அதை நம்மிடம் மறைத்ததும் உண்மை. அவன் சாகக் கிடந்தபோது உன் உம்மாவும் வாப்பாவும் அந்த வீட்டில் இருந்ததும் உண்மை. இதற்குப் பதில் குரலிலேயே சொல்லப் பார்த்தேன். உங்க வாப்பா பக்கத்தில் இருந்து “அப்படி இல்ல, இப்படி” என்று திருத்திக்கொண்டே இருந்ததால் ஒன்றும் சரிவரவில்லை. எழுதினால் அவரால் குறுக்கே வர முடியாது. இந்தக் கடிதத்தை நம் மார்க்கப் பயான் வகுப்புப் பெண்கள் நடத்துகிற சஞ்சிகையிலும் போடப்போகிறார்கள். அதற்கு அந்தப் பொடியனிடமே சம்மதம் கேட்டேன். “பேர மட்டும் மாத்துங்க மாமி, மத்ததெல்லாம் நடந்தபடி எழுதுங்க” என்றான். அவனை இங்கே அஸ்கர் என்று எழுதுகிறேன். பெண்ணின் பெயரையும் சஞ்சிகைக்காக மாற்றியிருக்கிறேன், குழம்பாதே.

முதலில், எனக்கும் அந்த மருந்துக்கும் எப்படிச் சம்பந்தம் வந்தது என்று சொல்ல வேண்டும். நீ சிரிப்பாய், சிரி. ஒரு நாள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தல் செய்தார்கள். காற்று கடலிலிருந்து அடிக்கும்போது நம் வளவுக்குப் பாதிச் சொல்தான் வந்து சேரும் என்பது உனக்குத் தெரியும். எனக்கு வந்து சேர்ந்தது “ஐசு”, “தூளு”, “பயிற்சி”, “பெண்களுக்கு மாத்திரம்”. உன் கலியாணக் கேக்கை வெளியில் கொடுக்காமல் நானே செய்தால் என்ன என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஐசிங் வகுப்பு நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதே என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, ஒரு கோப்பையும் அகப்பையும் ஐசிங் சீனியும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே போனால் பக்கத்து வீட்டு ஹலீமா மாமி ஐசிங் பூப்போடுகிற குழலோடு முன் வரிசையில் இருக்கிறார். பயிற்சி கொடுக்க வந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த தாதி, நாங்கள் மிஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். மேசையில் ஏறிய சட்டிபானைகளைப் பார்த்து, “இதெல்லாம் என்னத்துக்கு?” என்று கேட்டார். “ஐசிங் அடிக்க” என்றார் மாமி. “அம்மா, இது ஐசிங் இல்ல. ஐஸ். போதைப்பொருள்” என்று சொல்லிவிட்டு மிஸ் கதிரையில் இருந்து சிரித்த சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. எழும்பிப் போக எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அதனால்தான் இருந்தோம். நன்மை சில நேரம் வெட்கத்தாலும் எழுதப்படும் போலிருக்கிறது.

மிஸ் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். தூள் கூடிப்போய் மூச்சு நிற்கப் போகிறவனுக்கு மூக்கில் அடிக்கிற மருந்து, பெயர் நலொக்சோன் என்றார். ஹலீமா மாமி காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “நல்ல சோனகனா, மிஸ்?” என்றார். மிஸ் தமிழ் ஆள். முஸ்லிம்களான எங்கள் சோனகர் கூட்டத்தின் நடுவில் இதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எங்கள் முகத்தைப் பார்த்தார். நாங்கள் சிரித்த பிறகுதான் அவர் சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் அந்த மருந்துக்குப் பெயர் சோனகன். அது தூள் மாதிரியான சாமான்களுக்குத்தான் வேலை செய்யும், ஐஸுக்கு வேலை செய்யாது என்றும் மிஸ் சொன்னார். என்ன எடுத்தான் என்று தெரியாவிட்டாலும் அடியுங்கள், அதனால் கெடுதல் வராது என்றார். பிறகு ஒரு குறட்டையை விட்டுக் காட்டினார். கொர்ர் என்று இழுத்து, நீண்ட நேரம் ஒன்றுமில்லாமல் இருந்து, மறுபடியும் கொர்ர். “இதக் கேட்டுட்டுத்தான் எங்கட சனம், பிள்ள நல்லா நித்திர, எழுப்பாதீங்க எண்டு கதவச் சாத்திப்போட்டுப் போறது. அது நித்திர இல்ல. மூச்சு முடியப்போற சத்தம்” என்றார்.

மூச்சு திரும்பியவனை மல்லாக்கப் படுக்கவிடாமல் ஒருக்கணிக்க வேண்டும், கன்னத்துக்குக் கீழே கையை வைக்க வேண்டும் என்று அவர் காட்டியபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பெண் “அது நபியவங்க படுக்கிற மாதிரி, சுன்னத்து” என்றாள். இன்னொருத்தி, “வலப்பக்கமா கிப்லாவப் பார்த்துப் படுக்க வெக்கிறது மையித்தத்தானே, உசிரோட இரிக்கிறவன ஏன் அப்படிப் போடணும்?” என்றாள். மிஸ், “எந்தப் பக்கமெண்டாலும் சரி, வாந்தி தொண்டைக்குள்ள போகாட்டிச் சரி” என்று தீர்ப்புச் சொன்னார். அந்நிய ஆம்பிளைக்கு வாயால் மூச்சுக் கொடுக்கலாமா என்ற கேள்வியை மட்டும் மிஸ் எங்களிடமே விட்டுவிட்டார். அதை நான் மௌலவியிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். “மையித்தான பொறகு குளிப்பாட்ட ஆள் தேடுறதுக்கு முந்தி, உசிரோட இரிக்கக்குள்ள தொடச் சொல்லுங்க” என்று அவர் சொல்லியனுப்பினார். உங்க வாப்பாவின் பேச்சோ வேறு. “ஐசிங் படிக்கப் போனவ தூள் படிச்சிட்டு வந்திரிக்கா. கலியாணக் கேக்குல மூக்கால அடிக்கப் போறாவோ?” என்று தெருவில் போகிற எல்லாரிடமும் சொன்னார். நானோ மிஸ் எனக்குத் தந்த பெட்டியிலிருந்த ஆங்கிலத்தை, பால்மா டின்னில் எழுத்துப் படித்த அதே முறையில், ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். முடிகிற திகதியை கலண்டரில் காஸ் சிலிண்டர் மாற்றிய திகதிக்குப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, பெட்டியைக் கைப்பையில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் நாள் குறிக்கச் சாய்ந்தமருதுக்கு, ஷிபானா வீட்டுக்குப் போனோம், அஸர் தொழுகைக்குப் பிறகு. தொதலும் பிளேன்டீயும் வந்தன. உள் அறையிலிருந்து குறட்டையும் வந்தது. ஷிபானாவின் உம்மா, “மகன்தான் மச்சி. கொழும்புல இரிந்து வந்த அசதி” என்றா. உங்க வாப்பா விடுவாரா? “மாப்புள வீட்டார வெருட்டுறதுக்கெண்டே ஒரு ஆள வெச்சிரிக்கீங்க” என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தேநீரை வாய்க்குக் கொண்டுபோனபோது குறட்டை நின்றது. கோப்பையை உதட்டில் வைத்தபடி அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை. பிறகு ஒன்று வந்தது, கொர்ர் என்று, தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி. பாண்டிருப்பு மிஸ் இந்த வீட்டுக்குள் எப்படி வந்தார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எழும்பினேன். ஷிபானாவின் உம்மாவும் எழும்பித் திரைச்சீலைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டா. “உள்ள ஒழுங்கா இல்ல மச்சி. உடுப்புகளெல்லாம் கெடக்கு.” “உடுப்பப் பார்க்க வரல்ல புள்ள, வழி விடுங்க.” “அவன் படுத்திரிக்கான்.” “படுத்திரிக்கானா இல்லையா எண்டு பார்க்கத்தான் போறன்.” சம்மந்தி ஆகப்போகிற ஒருத்தியைக் கையால் விலக்கிவிட்டுப் போன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். அவன் மல்லாக்கக் கிடந்தான். உதடு நாவற்பழம் தின்றவன் மாதிரி. நெஞ்செலும்பில் மடக்கிய விரல் மொழியால் அழுத்தித் தேய்த்தேன், பெயரைச் சொல்லிக் கத்தினேன். கண் திறக்கவில்லை. “ஆம்புலன்சுக்குச் சொல்லுங்க!” என்றேன். பிறகு, மகனே, உன் உம்மா அந்த வீடு அதிரும்படி கத்தியது இதுதான்: “என்ட பைக்குள்ள சோனகன் இரிக்கான், ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க!”

ஷிபானாவின் வாப்பா வாசலில் நின்று, “எந்தச் சோனகன்? பைக்குள்ள எப்படி?” என்று கேட்கிறார். பயத்தில் எனக்கு அந்த மருந்தின் உண்மைப் பெயர் வாயில் வரவே இல்லை. “மூக்குக்கு அடிக்கிற சோனகன்!” என்கிறேன், அது இன்னும் மோசம். அவள்தான், உனக்குப் பேசியிருக்கிறவள், ஒன்றும் கேட்காமல் பையைக் கொண்டுவந்து கட்டிலில் தலைகீழாகக் கொட்டினாள். தஸ்பீஹும் சாவியும் இஞ்சி இனிப்பும் விழுந்த இடத்தில் பெட்டியும் விழுந்தது. ஒரு மூக்குத் துவாரத்தில் அடித்தேன். அதற்குள் அவனது உம்மா மக்காவிலிருந்து வந்த ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலோடு வந்து அவன் வாயைத் திறக்கப் பார்க்கிறா. எனக்குப் பதறிவிட்டது. என் உம்மா மௌத்தாகும்போது கடைசியாக நான் வாயில் ஊற்றிய அதே தண்ணீர்தான். ஆனால் நினைவில்லாதவன் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போகும் என்று மிஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “ஊத்தாதீங்க! போத்தலப் புடிச்சிக்கிட்டுத் துஆக் கேளுங்க. எழும்பினாப் பொறகு அவனே குடிப்பான்” என்றேன்.

மூச்சுக் கொடுக்க வேண்டும். நான் முந்தானையை ஒதுக்கிக் குனிந்தபோது உங்க வாப்பா என்னைத் தள்ளிவிட்டு முழங்காலில் இருந்தார். “நீ சொல்லு, நான் ஊதுறன்.” தெருவெல்லாம் என்னைக் கேலி செய்து திரிந்த மனிசன். அவருக்கு முட்டு வருத்தம் இருப்பது உனக்குத் தெரியும்தானே, படி ஏறினாலே நெஞ்சு கரகரக்கும். தனக்கே போதாத மூச்சை எடுத்து எடுத்து அவனுக்குக் கொடுத்தார். நான் மூக்கைப் பொத்தச் சொன்னேன், தலையை நிமிர்த்தச் சொன்னேன், பொறுங்க என்றேன், இப்ப என்றேன். முதல் மருந்துக்கு அவன் அசையவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு மற்றத் துவாரத்தில் பெட்டியிலிருந்த இரண்டாவதை அடித்தேன். அதற்குமேல் என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. யா ஹய்யு, என்றும் உயிருள்ளவனே என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு துஆவும் நினைவுக்கு வரவில்லை. அப்போதுதான் அவன் நெஞ்சு தானாக ஏறியது.

கண்ணைத் திறந்தவனுக்கு மேலே தெரிந்தது வேர்த்து விறுவிறுத்த ஒரு தாடி. “யாரு, உசிர எடுக்க வந்த மலக்கா?” என்றான், குரலே இல்லாமல். உங்க வாப்பா மூச்சிரைக்க, “இல்ல மனெ, மாப்புளட வாப்பா” என்றார். “அல்லாஹ்வே, அத விடக் கரச்சல்” என்று சொல்லிவிட்டு அவன் வாந்தி எடுத்தான். ஒருக்கணித்துப் பிடித்தோம். எந்தப் பக்கமாக என்று கேட்காதே, சுவர் இல்லாத பக்கமாக. பிறகு எல்லாரையும் ஏசினான், விடுங்க என்றான், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றான். இந்த மருந்தின் வேலை முடிந்ததும் உள்ளே இருக்கிற தூள் மறுபடியும் அமத்தும், அதனால் எழும்பிவிட்டான் என்று விட்டுவிடக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்வரை அவன் காலைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ஷிபானாவின் வாப்பா உங்க வாப்பாவிடம் சொன்னார்: “காக்கா, ஒங்களுக்கு மறைச்சிட்டம். மகனுக்குச் சொல்லி வேற எடம் பாருங்க. எங்களுக்குக் கோவமில்ல.” உங்க வாப்பா என் முகத்தைப் பார்த்தார். “புள்ள மொதல்ல வீட்டுக்கு வரட்டும்” என்று மட்டும் சொன்னேன். பிறகு வாட்டில் அஸ்கர் தானாகவே கதைத்தான். கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் பழகியதாம். புனர்வாழ்வு நிலையத்தில் இருந்து சுத்தமாகித்தான் ஊருக்கு வந்திருக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வருகிறார்கள், யாராவது தன்னைப் பற்றிக் கேட்டால் ராத்தாவின் கலியாணம் தன்னால் குழம்பிவிடும் என்ற பயத்தில் அன்று பகல் மறுபடியும் எடுத்திருக்கிறான், முந்திப் பழகிய அதே அளவை. விட்டவனுடைய உடம்புக்கு அந்த அளவு நஞ்சு. தொடர்ந்து பாவிக்கிறவனைவிட விட்டுவிட்டுத் திரும்பித் தொடுகிறவன்தான் கெதியில் சாவான் என்று மிஸ் அன்றைக்கே சொன்னார். அப்போது எனக்கு அது தலைகீழ்க் கணக்காகப் பட்டது. இப்போது விளங்குகிறது.

மறைத்தார்கள் என்பதுதான் உனக்குக் கோபம். எனக்கும் இருந்தது. ஆனால் உங்க வாப்பா மாப்பிள்ளையாக என் வீட்டுக்கு வந்தபோது நடந்ததை உனக்கு நான் சொல்லவில்லை. முட்டு வருத்தத்தை அவருடைய வீட்டார் மறைத்துத்தான் கலியாணம் முடித்தார்கள். முதல் மாதம் ஒவ்வொரு நாளும் சுபஹுக்கு எழும்பினால் பக்கத்தில் ஆள் இல்லை. பள்ளிக்கு முந்திப் போகிற நல்ல மனிசன் என்று நான் என் கூட்டாளிமாரிடமெல்லாம் பெருமை பேசினேன். ஒரு நாள் தண்ணீர் அள்ளப் போனால், கிணற்றடி மதிலுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, துவாயை வாயில் அடைத்து இருமுகிறார். “என்ன இது?” என்றேன். “வுழு எடுக்கிறன்” என்றார். தொழுகைக்குக் கைகால் கழுவுவது துவாயாலா? அன்றைக்குப் பிடித்த சிரிப்பில் அவருக்கு இன்னும் முட்டியது. அந்தக் காலத்தில் முட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இன்றைக்கு அவர் மருந்து இழுக்கிற பம்ப் வரவேற்பறை யன்னலில், வருகிற எல்லாருக்கும் தெரிய இருக்கிறது. வருத்தம் போகவில்லை, ஒளிந்து இருமுகிற வேலைதான் போனது. அஸ்கருடைய வருத்தமும் போய்விட்டது என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அவன் இன்னொரு தடவை விழலாம். ஆனால் நம் ஊர் வழக்கப்படி நீ அந்த வீட்டுக்குத்தான் குடிபோகப் போகிறாய். அவன் மூச்சு நிற்கிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்போது எழும்பிப் போகிற மாப்பிள்ளையா நீ, கதவைச் சாத்துகிற மாப்பிள்ளையா என்பதைத்தான் நீ உன்னிடம் கேட்க வேண்டும். பெண்ணைப் பிடிக்கவில்லை என்றால் சொல், நிறுத்துவோம். தம்பிக்காக என்றால் எனக்கு அது சரியாகப் படவில்லை. வீட்டுக்குள் எந்தத் திரைச்சீலைக்கும் முன்னால் யாரும் மறித்து நிற்காத குடும்பமாக இருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, பாண்டிருப்பு மிஸ்ஸை அந்த வீட்டுக்கே அழைத்துப் போனேன். ஷிபானா கேட்டுக்கொண்டதால்தான். அக்கம்பக்கத்துப் பெண்களும் ஆம்பிளைகளும் திரைக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். பழகிப் பார்க்கப் பொம்மை கொண்டுவர மறந்துவிட்டேன் என்றார் மிஸ். அஸ்கர், “நான் கெடக்கிறன் மிஸ், எனக்குப் பழக்கம்தானே” என்று பாயை விரித்துப் படுத்துவிட்டான். ஒரு நொடி யாருக்கும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவனது உம்மாதான் முதலில் சிரித்தா, அழுதுகொண்டே சிரித்தா. அவன் வாப்பாவும் உங்க வாப்பாவும் அவனை ஒருக்கணிக்கப் போனால் கூச்சத்தில் நெளிகிறான். “பேஷண்ட் சிரிக்கக் கூடாது” என்று மிஸ் அதட்டுகிறார். “முட்டு மாமாட கை குளிருது மிஸ்” என்கிறான். உங்க வாப்பாவுக்கு அந்த வீட்டில் இப்போது அதுதான் பெயர்.

எல்லாரும் போன பிறகு ஒரு பேச்சு வந்தது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது பெண்ணின் தம்பி கால் கழுவிவிட்டு உள்ளே எடுப்பதும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவதும் நம் பக்கத்து வழக்கம். “சனம் பார்க்கும், இவன் வேணாம். சாச்சாட மகனக் கழுவச் சொல்லுவம்” என்றார் ஷிபானாவின் வாப்பா. அஸ்கர் தலையைக் குனிந்தபடி, “ஓம் வாப்பா, நான் பின்னால நிக்கிறன்” என்றான். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஷிபானா ஈரக் கையோடு வந்தாள். “என்ட தம்பி கழுவாட்டி மாப்புள கால் கழுவாமலே உள்ள வரட்டும். மண்ண நான் கூட்டிக்கிறன்” என்றாள். என் முன்னால்தான் சொன்னாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. இப்படி ஒருத்தி உனக்குக் கிடைப்பதற்கு நான் எந்தத் தொழுகையில் என்ன கேட்டேனோ தெரியவில்லை.

யார் கழுவுவது என்பதை நான் உன்னிடம் விடுகிறேன். கால் உன்னுடையது. நீ எடுக்கிற முடிவை எனக்குச் சொல்ல வேண்டாம், வாப்பாவுக்கும் வேண்டாம், அவனுக்கே சொல். அவனுடைய ஃபோன் இலக்கத்தைத் தனியாக அனுப்புகிறேன். கூட்டாளியையும் திறீவீல்காரனையும் கடைக்காரனையும், கட்டாரில் கூட வேலை செய்கிற ஊர்பேர் தெரியாதவனையும் மச்சான் என்று கூப்பிடுகிறவன் நீ. உண்மையிலேயே உனக்கு மச்சானாகப் போகிறவன் ஒரே ஒருவன்தான். அவனை இன்னும் ஒரு தடவைகூட நீ அப்படிக் கூப்பிடவில்லை.

உன் உம்மா